வாசகர் கேள்வி – பதில்: ஹிஸ்பானிக் வாக்குகளில் பாதி ஏன் பதிவாவதில்லை?

அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானிக் மக்களில் வாக்குரிமை உள்ளவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்தான் அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருப்பதால் சென்னை வாசகர்களுக்கு இந்த ஆர்வம் இயல்புதான். ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், தேர்ந்தெடுத்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்தே தந்திருக்கிறோம்.

பெரம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்: ஐயா, ஹிஸ்பானிக் மக்கள் என்பவர்கள் யார்? எத்தனை பேர்? அவர்கள் வாக்களிக்காவிட்டால் அந்த நாட்டுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

மெக்ஸிகோ, பியூர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடார் முதலிய ஸ்பானிய மொழி வழங்கும் நிலப்பகுதிகளிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் ஹிஸ்பானிக் மக்கள் என்று கணக்கெடுப்பில் குறிக்கப்படுகிறார்கள். இவர்களில் மெக்ஸிகோ வழியினரே பெரும்பான்மை. 2020 கணக்கெடுப்பின்படி இவர்களின் தொகை 6 கோடியே 21 லட்சம். நாட்டு மக்கள்தொகையில் 18.7 சதவீதம். வயதுவராத பிள்ளைகளையும் குடியுரிமை பெறாதவர்களையும் கழித்துவிட்டால், அந்த ஆண்டில் வாக்களிக்கத் தகுதியுடையவர்கள் சுமார் 3 கோடியே 23 லட்சம் பேர்தான். 2024-இல் இந்த எண்ணிக்கை 3 கோடியே 62 லட்சமாக உயர்ந்ததாக மதிப்பிடப்பட்டது.

2020 அதிபர் தேர்தலில் ஹிஸ்பானிக் குடிமக்களில் 53.7 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதே தேர்தலில் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரிடையே இது 70.9 சதவீதம், கறுப்பினத்தவரிடையே 62.6 சதவீதம். அதிபர் பதவி போட்டியில் இல்லாத இடைக்காலத் தேர்தல்களில் நிலைமை இன்னும் மோசம்: 2014-இல் ஹிஸ்பானிக் வாக்குப்பதிவு 27 சதவீதம், அரசியல் சூடேறியிருந்த 2018-இல் அது 40.4 சதவீதத்துக்கு ஏறியது. நான்கே ஆண்டுகளில் இப்படித் தாவ முடிகிறதென்றால், குறைந்த வாக்குப்பதிவு அந்த மக்களின் மாறாத குணம் அன்று என்பது அதிலேயே விளங்கிவிடுகிறது.

என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறீர்கள். வாக்களிக்காத பகுதிக்குச் சாலையும் பள்ளியும் கடைசியாகத்தான் வரும் என்பதைப் பெரம்பூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மயிலாப்பூர் வாசகி: என் மகள் ஹூஸ்டனில் வசிக்கிறாள். அவள் வீட்டுக்கு அருகிலேயே மெக்ஸிகோ வழிவந்த குடும்பங்கள் பல இருக்கின்றனவாம். அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள்கூட வாக்களிப்பதில்லை என்றும், அது வெறும் சோம்பல் என்றும் அவள் சொல்கிறாள். உண்மைதானா?

சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடலாம், அம்மா. 2020-இல் ஹிஸ்பானிக் குடிமக்களில் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டிருந்தவர்கள் 61.1 சதவீதம். வாக்களித்தவர்கள் 53.7 சதவீதம். அதாவது, பட்டியலில் பெயர் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 88 பேர் வாக்களித்துவிட்டார்கள். சோம்பேறிகள் அப்படிச் செய்வதில்லை. ஆகவே சிக்கல் வாக்குப்பதிவு நாளில் இல்லை. அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, பெயர் சேர்க்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

நம் ஊரில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் படிவத்தோடு வீடு தேடி வருகிறார். வரவில்லை என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம் என்பதே, வருவது அவர் கடமை என்று நாம் நம்புவதைக் காட்டுகிறது. அமெரிக்காவில் பெரும்பாலான காலம் அந்தக் கடமை முழுக்க முழுக்கக் குடிமகனின் தலையில்தான் இருந்துவந்தது. 1993-இல் வந்த ஒரு சட்டம், ஓட்டுநர் உரிமம் வாங்கும் அலுவலகத்திலேயே வாக்காளராகவும் பதிவு செய்துகொள்ளலாம் என்று வழிசெய்தது. பிறகு 2016-இல் ஆரிகன் மாநிலம் தொடங்கிவைத்த தானியங்கிப் பதிவு முறையைக் கலிபோர்னியா, நெவாடா போன்ற பல மாநிலங்கள் பின்பற்றின. தங்கள் மகள் வசிக்கும் டெக்ஸாஸ் அந்த வரிசையில் இல்லை. அங்கே தேர்தலுக்கு 30 நாட்களுக்கு முன்பே பதிவு முடிந்துவிட வேண்டும். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அன்றி இணையத்தில் பதிவு செய்ய இயலாது. பிறருடைய படிவங்களைத் திரட்டிக் கொடுக்க முன்வரும் தன்னார்வலரும், கவுண்டி எனப்படும் அவ்வூர் மாவட்ட நிர்வாகத்திடம் அதற்கென நியமனம் பெற்றவராக இருக்க வேண்டும். வேறு கவுண்டிக்குக் குடிபெயர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாடகை வீட்டில் வாழ்பவர்களும் வேலைக்காக இடம் மாறுபவர்களும் இளைஞர்களும் மிகுந்த ஒரு சமூகத்தில் இந்த விதிகள் எத்தனை பேரை வடிகட்டிவிடும் என்று எண்ணிப்பாருங்கள். ஹிஸ்பானிக் வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 30 வயதுக்குக் கீழே இருப்பவர். நாடு முழுமைக்கும் பார்த்தால் அது ஐவரில் ஒருவர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் சின்னத்தைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். ஹூஸ்டன் போன்ற நகரில் வாக்குச்சீட்டு அதிபரில் தொடங்கி, செனட்டர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், ஷெரிஃப் என்று இறங்கி, நீதிபதிகளின் நீண்ட பட்டியலில் போய் முடிகிறது. கட்சிக்கு ஒரே குறியிட்டு அனைத்தையும் நிரப்பிவிடும் வசதியையும் டெக்ஸாஸ் 2020-இல் எடுத்துவிட்டது. கேள்விப்படாத பெயர்கள் அத்தனைக்கும் முன்னால் முதன்முறை நிற்கும் இருபது வயதுப் பிள்ளைக்குத் தயக்கம் வருவதில் வியப்பில்லை. வாக்குப்பதிவு நாளோ 1845-ஆம் ஆண்டுச் சட்டப்படி செவ்வாய்க்கிழமை; நாடு தழுவிய விடுமுறையும் இல்லை. முன்கூட்டியே வாக்களிக்கும் ஏற்பாடு டெக்ஸாஸில் உண்டு என்பதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே பயன்படும்.

ஆலந்தூர் வாசகர்: சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். லத்தீன் அமெரிக்க நாடுகளில் அரசியல் மீது நம்பிக்கை குறைவு, அந்த மனப்பான்மையோடு வந்தவர்கள் எங்கு போனாலும் வாக்களிக்க மாட்டார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். தங்கள் கருத்து?

பியூர்ட்டோ ரிக்கோவைப் பாருங்கள். அத்தீவு மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் வாக்களிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் தங்கள் ஆளுநரையும் சட்டமன்றத்தையும் தேர்ந்தெடுக்கும் தேர்தல்களில் பல பத்தாண்டுகள் 80 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வாக்களித்துவந்தார்கள். அங்கே தேர்தல் நாள் பொது விடுமுறை. ஊரே தெருவில் இருக்கும். அதே மனிதர்கள் விமானம் ஏறி நியூயார்க்கிலோ ஃபுளோரிடாவிலோ குடியேறிய பிறகு அவர்களின் வாக்குப்பதிவு சரிந்தது. கடலைக் கடந்ததில் அவர்களுடைய மனப்பான்மை மாறிவிட்டதா? தேர்தல் நடக்கும் முறையும், வந்து அழைக்கும் ஆட்களும் மாறிவிட்டார்கள். கடன் சுமையும் ஆட்சியாளர் மீதான கசப்பும் சேர்ந்து 2016-இல் தீவிலேயே வாக்குப்பதிவு 55 சதவீதத்துக்கு விழுந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதுவும் மனப்பான்மை சூழலைப் பொறுத்தது என்ற என் வாதத்துக்கே துணைநிற்கிறது.

வேறொரு செய்தியும் உண்டு. 2016 தேர்தலில், வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்ற ஹிஸ்பானிக் மக்கள், அமெரிக்காவிலேயே பிறந்த ஹிஸ்பானிக் மக்களைவிடக் கூடுதலான விகிதத்தில் வாக்களித்தார்கள். அக்கட்டுரை சரியென்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

திருவல்லிக்கேணியிலிருந்து அரசியல் அறிவியல் மாணவி: கறுப்பின மக்களின் வாக்குரிமை மறுக்கப்பட்ட வரலாற்றைப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஹிஸ்பானிக் மக்களுக்கும் அத்தகைய தடைகள் இருந்தனவா?

இருந்தன. டெக்ஸாஸ் மாநிலம் 1902 முதல் வாக்களிக்க விரும்புவோரிடம் வரி வசூலித்தது. ஒன்றரை டாலர், ஒன்றே முக்கால் டாலர் என்பது பருத்திக்காட்டுக் கூலிக்காரரின் கையில் பெரிய தொகை. கறுப்பினத்தவரையும் மெக்ஸிகோ வழியினரையும் ஏழை வெள்ளையரையும் சேர்த்தே அது வெளியே நிறுத்தியது. 1964-இல் வந்த அரசமைப்புத் திருத்தம் கூட்டாட்சித் தேர்தல்களிலும், 1966-இல் நீதிமன்றத் தீர்ப்புகள் மாநிலத் தேர்தல்களிலும் அந்த வரியை ஒழித்தன. நியூயார்க்கில் தடை வேறு உருவில் வந்தது: ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் வாக்கு. ஸ்பானிய மொழியில் பள்ளிப்படிப்பை முடித்த பியூர்ட்டோ ரிக்கர்கள் அங்கே எழுத்தறிவில்லாதவர்களாகக் கருதப்பட்டார்கள். 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவு இதைத் தடுத்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ஏற்று நிலைநிறுத்தியது.

உண்மையான திருப்பம் 1975. ஹூஸ்டனிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் பார்பரா ஜோர்டான், வாக்குரிமைச் சட்டத்தின் பாதுகாப்பை டெக்ஸாஸுக்கும் மொழிச் சிறுபான்மையினருக்கும் விரிவுபடுத்தப் போராடி வென்றார். அன்று சேர்க்கப்பட்ட 203-ஆம் பிரிவின்படி, ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இல்லாத ஒரு மொழிச் சிறுபான்மையினர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வாழும் பகுதிகளில் வாக்குச்சீட்டு, அறிவிப்பு, உதவியாளர் எல்லாம் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும். இன்றைய அளவுகோல், அத்தகைய வாக்காளர் 10,000 பேருக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது வாக்களிக்கும் வயதுக் குடிமக்களில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்பதாகும். அக்குழுவின் எழுத்தறிவு நிலையும் கணக்கில் கொள்ளப்படும். இப்பிரிவு 2032 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஸ்பானிய மொழியினருக்காகவே முதன்மையாகப் பேசப்பட்ட இந்தப் பிரிவினால் 2011-இல் இந்தியரும் பயன்பெற்றார்கள்: நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வங்காளமும், சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டியில் இந்தியும் தேர்தல் மொழிகளாயின.

தடைகள் எல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். டெக்ஸாஸ் 2011-இல் இயற்றிய அடையாள அட்டைச் சட்டம், கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமத்தை வாக்குச்சாவடியில் ஏற்றுக்கொண்டது. மாணவர் அடையாள அட்டையை ஏற்கவில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முன்அனுமதி ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்தபின், அத்தகைய மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றும்முன் மத்திய அரசைக் கேட்க வேண்டிய கட்டாயமும் நீங்கிவிட்டது.

அண்ணா நகரிலிருந்து, பல தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராகப் பணியாற்றிய ஓய்வுபெற்ற ஆசிரியர்: நாங்கள் கோலப்போட்டி நடத்தினோம், மனிதச் சங்கிலி அமைத்தோம், மாணவர்களைக் கொண்டு பெற்றோருக்குக் கடிதம் எழுதச் செய்தோம். எது பலன் தந்தது என்று யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஹிஸ்பானிக் வாக்காளர்களை ஊக்குவிக்க அங்கே என்ன செய்கிறார்கள்? எது பலித்தது?

ஐயா, வந்த கேள்விகளில் இதற்கே அதிக இடம் தர விரும்புகிறேன்.

அளந்து பார்த்தார்கள். 1998-இல் நியூ ஹேவன் நகரில், ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு யேல் பல்கலைக்கழக அறிஞர்கள், சுமார் 30,000 வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குக் கடிதம், சிலருக்குத் தொலைபேசி அழைப்பு, சிலருக்கு நேரில் ஆள் என்று அனுப்பிச் சோதித்தார்கள். கடிதம் மிகச் சிறிய அளவே உதவியது. கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் எழுதிக்கொடுத்ததை வாசித்த தொலைபேசி அழைப்புகளால் பலனே இல்லை. வாசலில் ஒருவர் நின்று பேசிய வீடுகளிலோ வாக்குப்பதிவு எட்டு, ஒன்பது புள்ளிகள் உயர்ந்தது. பின்னர் வேறு நகரங்களில் நடந்த சோதனைகளில் உயர்வின் அளவு கூடியும் குறைந்தும் இருந்தாலும், நேரில் கேட்பதே மேலானது என்பது நிலைத்தது. கலிபோர்னியாவில் மெலிசா மைக்கல்சன், லிசா கார்சியா பெடோயா ஆகியோர் ஹிஸ்பானிக் வாக்காளர்களிடையே நடத்திய சோதனைகள் மேலும் ஒரு நுட்பத்தைக் காட்டின. முதல் அழைப்பில் “வாக்களிப்பேன்” என்று சொன்னவரைத் தேர்தல் நெருங்கும்போது மீண்டும் அழைத்து, அவர் சொன்னதை நினைவூட்டினால், தொலைபேசிக்கும் வலிமை வந்துவிடுகிறது. ஒருமுறை வாய்விட்டுச் சொன்ன பிறகு மனிதர்கள் பின்வாங்கத் தயங்குகிறார்கள் போலும்.

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் முன்பே, அனுபவத்தால் இதை அறிந்திருந்தவர் டெக்ஸாஸின் சான் அன்டோனியோ நகரைச் சேர்ந்த வில்லி வெலாஸ்கெஸ். 1944-இல் பிறந்த அவர், 1974-இல் தென்மேற்கு மாநிலங்களுக்கான வாக்காளர் பதிவு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். “உங்கள் வாக்கே உங்கள் குரல்” என்பது அவ்வமைப்பின் முழக்கம். ஆனால் முழக்கத்தை நம்பி அவர் தெருவில் இறங்கவில்லை. வெள்ளை மாளிகையில் யார் அமர்வது என்ற பேச்சுக்கு அசையாத தெருக்கள், மழை பெய்தால் ஏன் நம் தெருவில் மட்டும் தண்ணீர் நிற்கிறது என்ற பேச்சுக்குத் திரண்டன. சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியில் மெக்ஸிகோ வழியினர் வாழ்ந்த தெருக்களுக்கு மழைநீர் வடிகால் இல்லை. 1974-இல் வெள்ளம் புகுந்தபின் தேவாலயங்களை மையமாகக் கொண்டு அங்கே ஒரு மக்கள் அமைப்பே உருவாயிற்று. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வசிக்கும் வாசகர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

அத்துடன் வெலாஸ்கெஸ் இன்னொன்றையும் கண்டுகொண்டார்: வாக்களித்தாலும் வெல்ல முடியாதபடி தேர்தல் அமைக்கப்பட்டிருந்தால் மக்கள் வரமாட்டார்கள். நகர் முழுவதும் சேர்ந்து எல்லா உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கும் முறையில், ஒரு மூலையில் வாழும் சிறுபான்மையினரின் வேட்பாளர் கரைசேர்வது கடினம். ஆகவே அவருடைய அமைப்பு பெயர் சேர்ப்பதோடு நிற்காமல் நீதிமன்றத்துக்கும் சென்றது. 1975 சட்டத் திருத்தத்தின் அழுத்தத்தால் சான் அன்டோனியோ 1977-இல் வட்ட வாரியான தேர்தலுக்கு மாறியது. 1981-இல் ஹென்றி சிஸ்னெரோஸ் மேயரானார். மெக்ஸிகோ வழியினர் ஒருவர் இக்காலத்தில் அந்நகரின் மேயர் பதவிக்கு வந்தது அதுவே முதன்முறை. வெலாஸ்கெஸ் 1988-இல், 44 வயதில் காலமானார். 1995-இல் அதிபர் கிளிண்டன் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை அளித்தார்.

இன்று இந்த முறையைச் சிறப்பாகச் செய்பவர்கள் என்று நான் கருதுவது நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகாஸ் நகரின் ஓட்டல் தொழிலாளர் சங்கத்தை. அறை துப்புரவு செய்பவர்கள், சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள் என்று சுமார் 60,000 உறுப்பினர்கள். பாதிக்கு மேல் ஹிஸ்பானிக் மக்கள். தேர்தல் காலத்தில் உறுப்பினர்கள் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லவும், முடிந்தபின் அதே வேலைக்குத் திரும்பவும் சங்கம் தன் ஒப்பந்தத்திலேயே வழிசெய்துவைத்திருக்கிறது. கதவைத் தட்டுபவர் ஸ்பானிய மொழியில் பேசுகிறார். அவரும் நேற்றுவரை அதே ஓட்டலில் படுக்கை விரித்தவர். 2016-இல் நெவாடா, கேத்தரின் கோர்ட்டெஸ் மாஸ்டோவைச் செனட்டுக்கு அனுப்பியது. செனட்டில் அமர்ந்த முதல் ஹிஸ்பானிக் பெண் அவர்தான்.

சிக்கல் எங்கே என்றால், பெரிய கட்சிகளின் கணக்குப்பிள்ளைகள் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். சென்ற தேர்தல்களில் வாக்களித்தவர் யார் என்ற பட்டியல் அங்கே கட்சிகளுக்குக் கிடைக்கிறது. யாருக்கு வாக்களித்தார் என்பதுதான் இரகசியம். தொடர்ந்து வாக்களிப்பவரின் கதவைத் தட்டினால் செலவு வீணாகாது என்று அவர்களையே தேடிப் போகிறார்கள். ஒருமுறையும் வாக்களிக்காதவர் பட்டியலின் அடியில் கிடக்கிறார். யாரும் அழைக்காததால் இம்முறையும் வருவதில்லை. வராததால் அடுத்த முறையும் அழைக்கப்படுவதில்லை. இதற்கு மேல் இன்னொரு வடிகட்டியும் உண்டு. வாக்குரிமையுள்ள ஹிஸ்பானிக் மக்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் கலிபோர்னியாவிலும் டெக்ஸாஸிலும் வாழ்கிறார்கள். அதிபர் தேர்தலில் அவ்விரு மாநிலங்களின் முடிவும் முன்கூட்டியே தெரிந்ததாகக் கருதப்படுவதால், பிரசாரப் பணமும் ஆட்களும் போட்டி கடுமையாக உள்ள அரிசோனா, நெவாடா போன்ற இடங்களுக்குப் போய்விடுகின்றன.

ஆகவே, அழைக்கப்படாதவர்கள் வரவில்லை என்பதே இதில் நான் கண்ட முதன்மையான காரணம். கோலப்போட்டியைக் குறைத்துச் சொல்லவில்லை, ஐயா; ஆனால் கோலத்தைப் பார்க்க வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே வாக்களிப்பவர்.

தியாகராய நகர் வாசகர்: ஒரு குறிப்பிட்ட இனத்தாரை மட்டும் தேடிப்போய் வாக்களிக்கச் சொல்வது, நம் ஊரில் சாதிச் சங்கம் வாக்குத் திரட்டுவதைப் போன்றதுதானே?

எதற்காக அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்புகள் வாக்காளர்களைப் பதிவு செய்யலாம், வாக்குச்சாவடிக்கு வரச் சொல்லலாம். இன்னாருக்குப் போடுங்கள் என்று சொன்னால் வரிவிலக்கை இழக்க நேரும். வாக்களிக்கவோ பதிவு செய்யவோ பணம் கொடுப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். இந்த எல்லைக்குள் நின்று, இதுவரை விடுபட்டவர்களை அழைப்பது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. எல்லையை மீறுபவர்கள் இல்லை என்று நான் உறுதி கூறமாட்டேன். தொழிற்சங்கங்களும் கட்சி சார்ந்த குழுக்களும் வெளிப்படையாகவே வேட்பாளரை ஆதரிக்கின்றன, அவற்றுக்குச் சட்டம் வேறு. ஆனால் அழைப்பவர் நம்மவர், நம் மொழி பேசுபவர் என்பதால் ஒருவர் வெளியே வருகிறார் என்றால், அதைச் சாதி வாக்கோடு சேர்த்து எடைபோடுவது பொருந்தாது. உள்ளே போனபின் அவர் யாரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

வேளச்சேரி வாசகர், தகவல் தொழில்நுட்பப் பணியாளர்: ஹிஸ்பானிக் வாக்குப்பதிவு உயர்ந்தால் ஜனநாயகக் கட்சிக்கு நிரந்தர வெற்றி என்று முன்பு சொல்லப்பட்டதே?

சொன்னவர்கள் இப்போது பேசுவதில்லை. டெக்ஸாஸின் எல்லையோர ஸ்டார் கவுண்டியில் வாழ்பவர்கள் ஏறக்குறைய அனைவரும் ஹிஸ்பானிக் மக்கள். நூறாண்டுகளுக்கு மேலாக அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியையே ஆதரித்துவந்த அந்தக் கவுண்டி, 2024-இல் டிரம்ப் பக்கம் சென்றது. நாடு முழுவதும் ஹிஸ்பானிக் வாக்குகள் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்தன. இரண்டு கட்சிகளும் அவர்களுடைய வாசலுக்குச் செல்ல வேண்டிய நிலை வந்திருப்பது, அவர்களைப் பொறுத்தவரை நல்லதே.

புரசைவாக்கம் வாசகி, கல்லூரி விரிவுரையாளர்: அமெரிக்காவைப் பேசுகிறோம், சென்னை என்ன வாழ்ந்தது?

சுருக்கென்று கேட்டுவிட்டீர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுமைக்கும் 69.72 சதவீதம், மத்திய சென்னையில் 53.96, தென் சென்னையில் 54.17. ஹிஸ்பானிக் மக்களின் 53.7 சதவீதத்துக்கு அருகிலேயே நிற்கிறோம். அவர்களின் கணக்கில் பட்டியலில் பெயரே இல்லாதவர்களும் அடக்கம், நம் கணக்கு பட்டியலில் இருப்பவர்களை மட்டும் கொண்டது என்பதால், ஒப்பீடு நமக்கு இன்னும் பாதகமானது. 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னை 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. வடிகாலுக்கும் குப்பைக்கும் பொறுப்பான கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது.

இங்கும் முழுப்பழியையும் மக்கள் மீது போட மாட்டேன். வீடு மாறியவரின் பெயர் பழைய முகவரியிலேயே கிடப்பதும், ஊருக்குப் போய்விட்டவரின் பெயர் இங்கே நீடிப்பதும் சதவீதத்தைக் குறைத்துக் காட்டும். குடிமாறியவர்கள் படிவம் 8-ஐ அளித்தால் போதும். அது முகவரி மாற்றத்துக்கும் உரியது என்பது 2022-க்குப் பிறகும் பலருக்குத் தெரியவில்லை. பிறவற்றுக்கு 1950 என்ற எண் இருக்கிறது. தங்கள் மாணவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 அளிக்கலாம், 18 நிறைவடைவதைக் கணக்கிட இப்போது ஆண்டுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு தகுதி நாட்கள் உள்ளன.

நங்கநல்லூர் வாசகர்: என் பேரன் டெக்ஸாஸில் பிறந்தவன், அடுத்த ஆண்டு 18 வயது நிறைகிறது. என் மகனும் மருமகளும் இன்னும் கிரீன் கார்டில்தான் இருக்கிறார்கள். வீட்டில் யாரும் வாக்களிக்கவில்லை என்றால் பேரன் மட்டும் பதிவு செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். டெக்ஸாஸில் 17 வயது 10 மாதம் ஆனவுடன் விண்ணப்பிக்கலாம். உயர்நிலைப் பள்ளிகள் ஆண்டுக்கு இருமுறை மாணவர்களுக்குப் படிவம் வழங்க வேண்டும் என்று அம்மாநிலச் சட்டமே சொல்கிறது, கிடைக்கவில்லையென்றால் பள்ளி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். தங்கள் மகனும் மருமகளும் மட்டும் தவறியும் அந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். குடியுரிமை பெறாதவர் தம்மைக் குடிமகன் என்று எழுதிக்கொடுத்தால் வழக்கும் நாடு கடத்தலும் வரை போகும். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் பிற தாள்களோடு சேர்த்து அதை நீட்டும்போது கவனம் தேவை. அவர்கள் கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டுகள் நிறைந்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

தாங்கள் சொன்ன வீட்டு நிலைதான் இலட்சக்கணக்கான ஹிஸ்பானிக் வீடுகளிலும் இருக்கிறது: வாக்குரிமை உள்ள ஒரே ஆள் அந்த வீட்டின் பதினெட்டு வயதுப் பிள்ளை, அவனைக் கையைப் பிடித்துச் சாவடிக்கு அழைத்துப்போக முன் அனுபவமுள்ள பெற்றோர் இல்லை. பேரனுடைய கவுண்டியின் மாதிரி வாக்குச்சீட்டு தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் இணையத்தில் வெளியாகும். அதை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவும் பேரனும் காணொலியில் ஒவ்வொரு பதவியாகப் படித்துப் பாருங்கள். நீதிபதிகள் பகுதிக்குத் தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.